பத்து மணிக்கு மேலே: வாசகர் கேள்வி பதில்

சித்திரை தொடங்கி ஆவணி முடிகிற வரைக்கும் எனக்கு வருகிற கடிதங்களில் நிறைய சத்தத்தைப் பற்றியவை. கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா), கல்யாண மண்டபம், ஜெனரேட்டர், தறி. சத்தம் போடுகிறவர்களும் எழுதுகிறார்கள், அதைத் தாங்க முடியாதவர்களும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தேன். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். நான் திருநெல்வேலியில் இருபத்திரண்டு வருடமாக வக்கீல். அதற்கு முன்னால் ஒரு ரேடியோ செட் கடைக்காரரின் மகள். இரண்டையும் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

அக்கா, எங்கள் தெருமுனையில் அம்மன் கோயில். கொடைக்கு எட்டு நாள் முந்தியே கால்நாட்டி, என் வீட்டு வாசலில் இருக்கிற கரண்டு கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிடுகிறார்கள். காலை நாலரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி பன்னிரண்டு, ஒன்று. மாமியாருக்குப் பக்கவாதம், தூக்கம் கெட்டால் ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. கணவர் வெளிநாட்டில். நானும் அந்த அம்மனைக் கும்பிடுகிறவள்தான், கொடைக்கு வரியும் கொடுக்கிறேன். புகார் கொடுத்தால் ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படி இருக்க?
– வாசகி, கோவில்பட்டி அருகே ஒரு கிராமம்

தங்கச்சி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரைப் பற்றிப் பேசுவோம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதன்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு), இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. எந்த நேரமானாலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கினாலும், அந்த இடத்தின் எல்லையில் நின்று அளந்தால் அந்தப் பகுதிக்குச் சொன்ன அளவுக்கு மேல் 10 டெசிபல்தான் கூடலாம். உங்கள் தெருவுக்குப் பகலில் 65. இரவில் வெட்டவெளியில் ஒலிபெருக்கிக்கே இடமில்லை. நாலரை மணி நமக்கு விடியற்காலை. இந்த விதிகளின் கணக்கில் அது இன்னும் ராத்திரி.

ஒரு விலக்கு உண்டு. திருவிழாக்களுக்காக இரவு 10 முதல் 12 வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவும் வருடத்தில் மொத்தமே 15 நாள்தான். இந்த விதி செல்லும் என்று 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்த அதிகாரத்தை அரசு வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே ‘இன்ஸ்பெக்டர் வாயால் சொல்லிவிட்டார்’ என்று கமிட்டிக்காரர் சொன்னால் அது அனுமதி ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் யாராலும் கொடுக்க முடியாது.

‘சாமி காரியத்தில் சட்டமா?’ என்பார்கள். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழிபாட்டு உரிமை அரசியல் சட்டம் கொடுத்தது என்று சபை வாதாடியது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் கும்பிட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒலிபெருக்கியும் மேளமும் வைத்துத்தான் தொழ வேண்டும் என்றும் எந்த மதமும் சொல்லவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், சபை மூன்றுக்கும் அது ஒன்றுதான்.

இனி ஊர். என்னிடம் வந்த ஒரு பெண், கொடை நடக்கிற ராத்திரியில் 100-க்குப் போன் போட்டார். போலீஸ் வந்து ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டுப் போனது. சாமியாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். அடுத்த ஒரு வருடம் அந்தத் தெருவில் அவர் வீட்டுக் காரியத்துக்கு ஒருவரும் வரவில்லை. சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஆனால் போன் போட்ட நேரம் அவருக்கு எதிராகப் போய்விட்டது. சத்தம் வந்த பிறகு சத்தத்தைப் பற்றிப் பேசினால் அது சண்டையாகத்தான் முடிகிறது என்பதை இத்தனை வருடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

அதனால் கால்நாட்டுக்கு முந்தி, வரி போடக் கூட்டம் கூடுகிற அன்றைக்கே போங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டார், நைட் ஷிப்ட் போய்வருகிறவர்கள் என்று நான்கு பேர் கண்டிப்பாக இருப்பார்கள். மாமியாரின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மைக்கே வேண்டாம்’ என்று கேட்காதீர்கள். மூன்றைக் கேளுங்கள்: குழாயை இறக்கிவிட்டுக் கோயில் முன்னால் பாக்ஸ் ஸ்பீக்கர் வைக்க வேண்டும், காலை 6-க்கு முன்னால் போடக் கூடாது, ராத்திரி 10-க்கு நிறுத்த வேண்டும். இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் ஊராட்சித் தலைவரையோ, கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற பெரியவரையோ சொல்லச் சொல்லுங்கள். கரண்டு கம்பத்துக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு மனு போதும். கம்பத்தில் குழாய் கட்டுவதும் கொக்கி போட்டுக் கரண்டு எடுப்பதும் உயிருக்கே ஆபத்து என்று அவர்களே வந்து அவிழ்த்துவிடுவார்கள். அதில் உங்கள் பெயர் அடிபட வேண்டிய அவசியமில்லை.

கூட்டத்தில் முடியாவிட்டால் விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக டி.எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அங்கே பதிவு எண் கிடைக்கும். அனுமதிக் கடிதத்திலேயே நேரத்தையும் குழாய் கூடாது என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்போது கமிட்டிக்கு நிபந்தனை போட்டது போலீஸ் என்று ஆகும், நீங்கள் அல்ல.

அண்ணாச்சி கடை என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சவுண்ட் சர்வீஸ் முப்பது வருடம். போன மாதம் ஒரு கொடையில் பதினொன்றே கால் மணிக்குப் போலீஸ் வந்து ரெண்டு ஆம்பிளிஃபயர், மிக்ஸர் எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அனுமதி வாங்கியாச்சு என்று கமிட்டியில் சொன்னார்கள். இப்போது ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அடுத்தடுத்து முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். வாடகைக்குக் கொடுத்தவன் மேலே ஏன் கேஸ்?
– சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், தென்காசி

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அப்பாவும் இப்படித்தான் பொருளைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் சோறு கொண்டுபோயிருக்கிறேன். அளவு மீறினால் ஒலிபெருக்கியையும் ஆம்பிளிஃபயரையும் பறிமுதல் செய்ய வகை செய்யுங்கள் என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. அப்போது முதல் அடி விழுவது பொருளுக்குச் சொந்தக்காரருக்குத்தான். விழா நடத்தியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் நடப்பது இதுதான்.

பொருளை மீட்க வழி உண்டு. எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்தப் பொருளைக் காட்டியிருக்கிறார்களோ அங்கே, கேஸ் முடிகிற வரை பொருளை உங்களிடம் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால ஒப்படைப்பு மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 பிரிவுகள்; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அவையே 497, 503. வாங்கிய பில், சீரியல் நம்பர், கடை லைசென்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். பில் இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. கணக்கோ, பழைய போட்டோவோ உதவும். தாமதித்தால் மழையில் ஸ்டேஷன் பின்கட்டில் கிடந்து ஆம்பிளிஃபயர் பூத்துப்போகும்.

இனிமேல் அனுமதிக் கடிதத்தின் நகல் கைக்கு வராமல் வண்டியில் ஒரு பாக்ஸ்கூட ஏற்றாதீர்கள். அட்வான்ஸ் ரசீதிலேயே ‘இரவு 10 மணிக்கு நிறுத்தப்படும். அதற்கு மேல் கமிட்டி வற்புறுத்தினால் வருகிற நஷ்டம் அவர்களுடையது’ என்று அச்சடித்து, கமிட்டியில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘இன்னும் ஒரே ஒரு பாட்டு’ என்று தோளில் கை போட்டுச் சொல்கிற இளவட்டங்களுக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. காகிதம் சொல்லும்.

இன்னொன்று, ரேடியோ செட் வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கு தூரத்துக்கு 20. ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்றால் பத்து மீட்டரில் 80, நூறு மீட்டரில் 60. குழாயை வேப்பமர உச்சியில் கட்டுவதற்குக் காரணம், பக்கத்துக் கிராமத்துக்கும் நம் ஊர்க் கொடை தெரிய வேண்டும் என்பது. கும்பிட வந்திருக்கிற கூட்டத்துக்கு அது தேவையில்லை. ஒரு பெரிய பாக்ஸுக்குப் பதில் நான்கு சிறியதைப் பந்தல் கால்களில், ஆள் தலைக்குக் கொஞ்சம் மேலே, கூட்டத்தைப் பார்த்து லேசாகக் குனிந்தாற்போல் வையுங்கள். வால்யூமைப் பாதியாக வைத்தாலும் வார்த்தை தெளிவாகக் கேட்கும். வில்லுப்பாட்டுக்காரர்களே உங்களைத் தேடி வருவார்கள். குழாயில் அவர்கள் சொல் ஒன்றும் புரிவதில்லை என்று பலர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள்.

என் அப்பா ஆம்பிளிஃபயர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தவர். அறுபது வயதில் அவருக்குக் குக்கர் விசில் கேட்கவில்லை. ஆண்களின் பேச்சு கேட்கும். என் மகள் ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கீச்சுக் குரல்தான் முதலில் போகும் என்று காது டாக்டர் சொன்னார். போனது திரும்பி வராது என்றும் சொன்னார். அண்ணாச்சி, உங்கள் கடையில் வேலை பார்க்கிற பையன்களுக்குக் காதுக்கு அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும், ஒரு டீ வடைக் காசுதான்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து தறிப்பட்டறை. பன்னிரண்டு நாடாத் தறி. நாங்கள் போடும்போது சுற்றிலும் காடு. இப்போது சைட் பிரித்து வீடுகள் வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்தவர்கள் ராத்திரி தறி ஓட்டக் கூடாது என்று மனு கொடுத்திருக்கிறார்கள். முதலில் வந்தவன் நான்தானே? நைட் ஷிப்ட்டை நிறுத்தினால் ஆறு குடும்பத்துக்குக் கூலி போய்விடும்.
– தறிப்பட்டறை உரிமையாளர், பள்ளிபாளையம்

ஐயா, ‘நான் முதலில் வந்தேன்’ என்பது மனிதனுக்கு மனிதன் பேசும்போது நல்ல நியாயம். கோர்ட்டில் அது பெரிதாக நிற்பதில்லை. தொல்லை இருக்கிறது என்று தெரிந்தே குடிவந்தாலும், தொல்லையை எதிர்த்துக் கேட்கிற உரிமை அவர்களுக்குப் போய்விடாது. இதைக் கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனாலும் நம்பக்கூடாததை நம்பி நீங்கள் கேஸுக்குப் போகக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கிற ஒரு விஷயம், அந்த இடம் எந்த வகைப் பகுதி என்பது. குடியிருப்பு என்றால் இரவில் 45, வணிகப் பகுதி என்றால் 55, தொழிற்பகுதி என்றால் 70. இந்த வித்தியாசம் சாதாரணமல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். நகராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் உங்கள் சர்வே எண்ணுக்கு நில உபயோகம் என்னவென்று எழுத்தில் கேளுங்கள். சைட் பிரித்தபோது பட்டறையைக் காட்டியிருந்தார்களா என்றும் பாருங்கள். சைட் விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்கு உண்டு.

நாடாத் தறியின் சத்தம் அதிகமும் நாடாவை (ஊடு நூலைக் கொண்டுபோகிற கட்டையை) அடித்துத் தள்ளுகிற இடத்திலும் அது பெட்டியில் வந்து மோதுகிற இடத்திலும் பிறக்கிறது. நாடாவை அடிக்கிற பிக்கரும் மோதலைத் தாங்குகிற பஃபரும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தறிக்கால் நேராகத் தரையில் நிற்காமல் அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டால் அதிர்வு பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போவது குறையும். வீடுகள் இருக்கிற பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, காற்றை எதிர்ப்பக்கமாகத் திறந்துவிடுங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இருந்தால் அதையும் மூடுங்கள். கையகலச் சந்து போதும், சத்தம் அவ்வளவும் அதன் வழியே வெளியே போய்விடும். இதைச் செய்துவிட்டு, மனு கொடுத்தவர்களை ஒரு ராத்திரி பட்டறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசுங்கள். பன்னிரண்டு தறியும் விடியவிடிய ஓடுவதற்குப் பதில், வீட்டு ஓரத்து நான்கு தறியைப் பத்து மணிக்கு நிறுத்துகிற ஏற்பாட்டை அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஆறு கூலியும் ஒரே நாளில் போகாது. ஏற்காவிட்டால் பிரச்சினை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் போகும், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அப்போது நீங்கள் செய்த செலவின் ரசீதுகள் உங்களுக்காகப் பேசும்.

தறி ஓட்டுகிறவர்களின் காதையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள், ஐயா. சத்தத்தால் வருகிற செவிட்டுத்தன்மை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது.

பக்கத்தில் கல்யாண மண்டபம். கரண்டு போனால் ஜெனரேட்டர் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி உறுமுகிறது. ராத்திரி ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி. ‘மூடிய அரங்கத்துக்கு விதி விலக்கு’ என்கிறார் மேனேஜர்.
– வாசகர், திருச்சி

மேனேஜர் சொன்னதில் பாதி சரி. மூடிய அரங்கத்துக்குள் இரவிலும் ஒலிபெருக்கி வைக்கலாம். ஆனால் அது உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக. கதவைத் திறந்து வைத்து, வாசல் பந்தலில் ஒரு பாக்ஸும் வைத்தால் அது மூடிய அரங்கம் இல்லை. தனியார் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதியின் அளவுக்கு மேல் 5 டெசிபல்தான் போகலாம். குடியிருப்பு என்றால் இரவில் 50. ஜெனரேட்டருக்குத் தனிக் கணக்கு. 1000 கே.வி.ஏ. திறன் வரையிலான புதிய டீசல் செட்டுகள் ஒலித்தடுப்புக் கூண்டோடுதான் வர வேண்டும். கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூண்டில்லாத பழைய செட் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள், வந்து அளப்பார்கள். எழுதும்போது மண்டபத்தில் விசேஷம் இருக்கிற முகூர்த்தத் தேதிகளையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பூட்டிக் கிடக்கிற நாளில் வந்து ‘சத்தம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது.

செல்போனில் டெசிபல் அளக்கிற செயலி காட்டுவதைக் கோர்ட்டில் சாட்சியாகக் கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, அதை மட்டும் நம்ப வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அளவுத் திருத்தம் செய்யப்பட்ட கருவி அல்ல. பகலில் புகார் செய்ய, அளவைவிட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும் என்று விதி. அதற்கு வாரியத்தின் கருவி தேவைப்படும். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அளவே வேண்டாம், மீறியதே புகாருக்குப் போதும். மணி தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடு. குழாயும் தெருவும் அதில் தெரியட்டும். அங்கே நின்று சண்டை போடாதே.

பள்ளிக்கூட வாசலில் பஸ்கள் ஏர்ஹாரன் அடிக்கின்றன. சின்னப் பிள்ளைகள் பயந்து காதைப் பொத்துகிறார்கள்.
– ஆசிரியை, விழுப்புரம்

பல ஸ்வரத்தில் அலறுகிற ஹாரனை வண்டியில் பொருத்துவதே மோட்டார் வாகன விதி 119-இன்படி கூடாது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்து 2,000. பஸ் எண், நேரம், தேதியோடு ஒரு வாரப் பட்டியல் தயாரித்து, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ‘ஹாரன் அடிக்காதீர்’ பலகை இல்லையென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

மாடி வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு மிக்ஸி போடுகிறார்கள். கேஸ் போடலாமா?
– வாசகி, தாம்பரம்

வேண்டாம் அம்மா. அந்த வீட்டுப் பெண் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். மிக்ஸிக்கு அடியில் மடித்த கோணிச்சாக்கு ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். விடிய விடியப் பறை, வெடி. துக்க வீட்டில் போய் என்ன சொல்வது? நான் டயாலிசிஸ் செய்துகொள்கிறவன்.
– வாசகர், விருதுநகர்

ஐயா, இரவு 10-க்கு மேல் சத்தம் எழுப்புகிற வாத்தியமோ வெடியோ கூடாது என்பது துக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் அன்றைக்குப் போய்ச் சட்டம் பேசச் சொல்ல என்னால் முடியவில்லை. பறையடிக்க வந்தவர்கள் ராத்திரி முழுக்க அடிக்க வேண்டும் என்று தாங்களாக விரும்புவதில்லை. அவர்களுக்கும் கை ஓய்ந்துபோகிறது, நிறுத்தச் சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. அந்த வீட்டின் மருமகனையோ, காரியத்தை முன்னின்று நடத்துகிற உறவினரையோ தனியாகக் கூப்பிட்டு, உங்கள் உடல்நிலையைச் சொல்லி, ‘பத்து மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்து, காலையில் எடுக்கும்போது மறுபடி அடிக்கட்டும்’ என்று கேளுங்கள். எங்கள் தெருவில் என் அம்மா தவறின அன்றைக்கு எதிர்வீட்டுத் தாத்தா இப்படித்தான் வந்து கேட்டார். நாங்கள் நிறுத்தினோம்.